ஒன்பது லிட்டர்

எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் டெல்டாக்காரர்கள். எங்களை எங்கே கொண்டுபோய் விட்டாலும் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நடப்போம். வரப்பில் நடந்து பழகிய கால் அப்படி. தார் பாலைவனத்தில் முதல் நாள் காலை, முதுகில் பன்னிரண்டு கிலோ மூட்டையோடு வரிசை கட்டிக் கிளம்பிய எங்களைப் பார்த்துப் பயிற்சி நடத்திய அக்கா பின்னாலிருந்து கத்தினார்.

"டேய், இது என்ன நெடுங்காட்டு வயலா? ஆறு பேரும் ஒரே தடத்துல மிதிச்சா அங்க ஒரு வழி உண்டாயிடும். அடுத்து வர்றவனும் அதுலயே போவான். பரந்து நடங்கடா!"

பரந்து நடந்தோம். பத்து நிமிடத்தில் மறுபடி வரிசையாகியிருந்தோம்.

அக்கா மண்டபத்தூர்க்காரர். அவர் அப்பாவுக்குக் கடலில்தான் பிழைப்பு. என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். ஆனால் மலை, பாலைவனம் என்று ஆறேழு வருடமாகக் குழுக்களைக் கூட்டிப் போகிறவர். ஒரு இடத்தில் தங்கிவிட்டு, தங்கிய சுவடே இல்லாமல் திரும்புவது எப்படி என்பதுதான் அவர் சொல்லித் தரும் பாடம். ஐந்து நாள் நடை. அக்கா தவிர நாங்கள் ஐந்து பேர்; ஒவ்வொரு நாளும் ஒருவர் தலைவர். அன்றைக்கு எங்கே தங்குவது, என்ன சமைப்பது, தண்ணீர் எவ்வளவு என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கடைசி நாள் அக்கா தேறியவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பார். அது இருந்தால் பள்ளிப் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப் போகலாம்.

எனக்கு அந்தத் தாள் வேண்டும். காரைக்காலில் ஒரு பள்ளியில் ஜூன் மாதத்திலிருந்து முகாம் ஆசிரியர் வேலை ஒன்று இருந்தது. "சான்றிதழோட வாங்க, வேலை உங்களுக்குத்தான்" என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். வேலை கிடைக்கும் முன்பே அவர் நடவுக்கு வரும் பெண்களிடமெல்லாம் "எம்மவன் சார் ஆவப் போறான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதனால் விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். குப்பையைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அடுப்பு மூட்டிய கரி தெரியக் கூடாது. காலைக்கடனுக்கு ஒரு சாண் ஆழம் குழி. கழிவு நீரை வடிகட்டி, கூடாரத்திலிருந்து எண்பது எட்டுக்கு அப்பால் பரவலாகத் தெளிக்க வேண்டும். என்னோடு வந்திருந்த குரும்பகரத்து நண்பன் கிண்டல் செய்வான்.

"குழி வெட்டும்போது ஸ்கேல் வச்சு அளக்குறான்க்கா இவன். முடிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்."

"அளந்தாவது வெட்டுறான். நேத்து நீ வெட்டினது குழியா? கோழி கிளறினது மாதிரி இருந்துச்சு" என்றார் அக்கா. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

மூன்றாம் நாள் என் முறை. மதியத்துக்கு முன்பே தங்குமிடத்தை அடைந்துவிட்டோம். மணல்மேடுகளுக்கு நடுவே கெட்டியான தரை, ஓரத்தில் ஒரு வன்னி மரம். நம் ஊர்க் கோயில்களில் குங்குமம் பூசிச் சுற்றி வருகிற அதே மரம். இங்கே ஆடு எட்டாத உயரத்தில் மட்டும் இலை வைத்திருந்தது. ஒட்டகக்காரர் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேன் நிழலில் இருந்தது. மறுநாள் எட்டுக் கிலோமீட்டர் நடந்து அடுத்த கேனை அடையும்வரை ஆறு பேருக்கும் அதுதான்.

இரண்டு நாளாக உப்புமாவும் நூடுல்ஸும் தின்று எல்லாருக்கும் நாக்கு செத்திருந்தது. சோறும் சாம்பாரும் செய்கிறேன் என்றேன். கைதட்டினார்கள். ஒன்றேகால் கிலோ அரிசி. அம்மா செய்வதுபோலவே செய்தேன். இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவி, மூன்றாவது தண்ணீர் நிறைய வைத்து, பொங்கி வந்ததும் பதம் பார்த்து வடித்தேன். எங்கள் பக்கம் குக்கர் சோற்றைச் சோறு என்று சொல்ல மாட்டார்கள். வடித்தால்தான் சோறு.

கழுநீரைச் சும்மா கொட்டவில்லை. துணியில் வடிகட்டினேன். துணியில் நின்ற நொய்யைக் குப்பைப் பையில் போட்டேன். எண்பது எட்டு எண்ணி நடந்து, ஓர் இடத்தில் தேங்காதபடி விசிறித் தெளித்தேன். விதி அப்படியே.

கஞ்சியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றியதே இல்லை. உப்புப் போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் குடிப்போம், மீந்தால் மாட்டுக்கு. பல நாள் மதியம்வரை எனக்கு அதுதான் சாப்பாடு. ஆனால் குழுவில் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள், கணினி வேலைக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் கஞ்சியை டம்ளரில் ஊற்றி நீட்டக் கூச்சமாக இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு எண்பது எட்டு நடந்தேன்.

சோறு பூப்போல வந்திருந்தது. சென்னைக்காரர் மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். அக்கா தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ எழுந்தார். கேனைச் சரித்தார். நின்றார். ஒரு கையாலேயே தூக்கிப் பார்த்தார்.

"என்னடா இது, லேசா இருக்கு?"

எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. கழுவியது ஆறு லிட்டர். கஞ்சி மூன்று. ஒன்பது லிட்டரை அவ்வளவு கவனமாக, வடிகட்டி, எண்ணி நடந்து, மணலுக்குக் கொடுத்திருந்தேன். சமையலுக்கும் குடிக்கவும் போனது போக, மீதி ஆறு லிட்டர்கூட இல்லை.

குரும்பகரத்தான் பக்கத்தில் வந்து காதைக் கடித்தான். "டேய், கேன் ஒழுகிச்சுன்னு சொல்லிடு. நானும் ஆமான்னு சொல்றேன். மணல்ல ஒழுகுனா யாருக்குத் தெரியும்?"

தெரியாதுதான். சொல்லியிருப்பேனோ என்னவோ, அதற்குள் அக்காவே வன்னி மரத்துக்கு அப்பால் நான் தெளித்திருந்த பக்கமாக நடந்துவிட்டார். மணல் எல்லாவற்றையும் குடித்துவிட்டிருந்தது. கஞ்சி மட்டும் ஆங்காங்கே வெள்ளைப் பொருக்காகக் காய்ந்து, எங்கிருந்தோ எறும்பு கூடியிருந்தது.

"அரிசி கழுவுனேங்க்கா. வடிச்சேன்" என்றேன்.

"வடிச்சியா!" என்றார். கொஞ்ச நேரம் எறும்பைப் பார்த்தார். "சரி. இன்னிக்கு நீதான் தலைவர். சொல்லு, என்ன பண்ணலாம்?"

கொஞ்ச தூரத்தில் நாலு வீடு தெரிந்தது. போய்க் கேட்டு வாங்கி வரலாம் என்றேன். அக்கா மறுக்கவில்லை.

"போலாம். கேட்டா இல்லேங்க மாட்டாங்க. வரும்போது அவங்க வீட்டு வாசல்ல ஒரு தொட்டி பாத்தியே, மூடி போட்டுப் பூட்டியிருந்துச்சே? போன மழையில புடிச்ச தண்ணி. அடுத்த மழை வர்ற வரைக்கும் அதான். என்னன்னு கேப்ப அவங்ககிட்ட?"

அரிசி கழுவுவதற்கு என்று கேட்க வேண்டும்.

வேறு ஏற்பாடு சொன்னேன். ஆளுக்கு முக்கால் லிட்டர் அளந்து அவரவர் பாட்டிலில் ஊற்றிவிடுவது. மிச்சமிருப்பதை யாருக்காவது முடியாமல் போனால் என்று தனியாக வைப்பது. ராத்திரி அடுப்பு கிடையாது; மீந்த சோறும் பேரீச்சம்பழமும். பாத்திரத்தை மணலால் தேய்ப்பது. வெயில் ஏறுமுன் போய்ச் சேர, கிழக்கு வெளுத்ததும் கிளம்பிவிடுவது. சொல்லி முடித்து எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க பிரதர், சோறு சூப்பர்" என்றார் சென்னைக்காரர். அவர் மனைவி, "அந்தக் கஞ்சிய வச்சிருந்தா குடிச்சிருக்கலாமே? எங்க மாமியார் வீட்டுல தினமும் குடிப்போம்" என்றார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் ஒன்றும் ஆகிவிடவில்லை. குளிர்காலம், காற்று இருந்தது. யாரும் அதிகம் பேசவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. குரும்பகரத்தானுக்கு மட்டும் தலைவலி வந்து, தனியாக வைத்திருந்த தண்ணீரைக் கொடுத்தோம். ஒன்பதரை மணிக்கெல்லாம் அடுத்த கேனை அடைந்தோம். எல்லாரும் குடித்து முடித்தபிறகு குடித்தேன்.

ஐந்தாம் நாள் மாலை அக்கா ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். என்னிடம் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தத் தடவ உனக்கு இல்லடா தம்பி."

தலையாட்டினேன்.

"தண்ணி செலவானதுக்காக இல்ல. தப்பு எல்லாரும் பண்றதுதான், அப்புறம் நீ எடுத்த முடிவும் சரி. ஆனா ஒவ்வொரு தடவ மொண்டு ஊத்துனப்பவும் நீ கேனைப் பாக்கல. விதியைத்தான் பாத்த. முப்பது பிள்ளைங்கள உன்கிட்ட விட்டுட்டு நான் நிம்மதியா இருக்க முடியுமா, சொல்லு?"

முடியாது என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"கஞ்சிய ஏன்டா ஊத்துன? எங்க போட்டுல அப்படிப் பண்ணியிருந்தா உன்னையும் சேத்துக் கடல்ல ஊத்தியிருப்பானுங்க."

உண்மையான காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "டிசம்பர்ல வா" என்று மட்டும் சொல்லி நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் ரயிலில் இரண்டாம் நாள் காலை, தொடர்பு கிடைத்ததும் தலைமை ஆசிரியையை அழைத்தேன். சான்றிதழ் கிடைக்கவில்லை, அடுத்த டிசம்பரில் மறுபடி போக வேண்டும் என்றேன்.

"அடடா. ஜூன்லயே ஆள் வேணுமே எங்களுக்கு" என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. "உங்ககூட வந்தவங்கள்ல நம்ம பக்கத்து ஆளு யாராவது வாங்கியிருக்காங்களா?"

மேல் பெர்த்தில் குரும்பகரத்தான் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். இவனுக்குக் கிடைத்திருந்தது. ஒரு வேலைக்கும் விண்ணப்பம் போடாதவன். விளையாட்டாக என்னோடு வந்தவன். 'யாரும் இல்லைங்க மேடம்' என்று சொல்லிவிட்டால் அந்த வேலை டிசம்பர்வரை எனக்காகக் காலியாகவே கிடக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நடவில் குனிந்து நிற்கும் அம்மா முகமும் வந்தது. ஆனால் தன் நாளில் அவன் தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் கேனைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததை நான் பார்த்திருந்தேன். அப்போது அதைப் பார்த்துச் சிரித்தவனும் நான்தான்.

"இருக்காங்க மேடம்" என்று அவன் எண்ணைச் சொன்னேன்.

போனை வைத்துவிட்டு அவன் காலைப் பிடித்து ஆட்டினேன்.

"என்னடா... ஊரு வந்துடுச்சா?"

"இல்ல. எழுந்திரு. முகத்தக் கழுவிக்க. ஒரு மேடம் கூப்புடுவாங்க, ஒழுங்கா பேசு."