ஜெபசீலி கவனித்த முள்

ஜெபசீலிக்கு இப்போது போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் வேலை. அங்குள்ள மெஷின்கள் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனாலும் பேச்செடுத்தால் ஓசூரில் பத்து வருஷத்துக்கு முன் வேலை பார்த்த பட்டறைக்குத்தான் போய்விடுவாள்.

அங்கே அவள் மெஷின் ஆபரேட்டர். எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் நாசில்களில் நுண்துளை போட்டார்கள். எலெக்ட்ரோடு என்ற தலைமுடி அளவே உள்ள மின்கம்பி எண்ணெய்க்குள் இறங்கி, இரும்பைத் தொடாமல் மின்பொறியாலேயே அரிக்கும். தொட்டால் ஷார்ட். விலகினால் பொறி வராது. நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி, பட்டறைப் பேச்சில் ‘கேப்’, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. வோல்டேஜை வைத்து மெஷின் அதைக் கணித்து எலெக்ட்ரோடை ஏற்றி இறக்கும்.

ஒரு ஜூன் மாதம் நாசில்கள் வரிசையாக ரிஜெக்ட் ஆயின. அவற்றை அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது அவள் தோழி அதியா.

"சீலிக்கா, மேல நல்லாத்தான் இருக்குது. பாதிக்குக் கீழதான் கோணலா அரிச்சிருக்குது."

இன்ஜினியர் தினேஷ்குமார் கேட்கவில்லை. "ஆபரேட்டர் அவசரப்படறீங்க. கேப்பை மெஷினே பாத்துக்கும்."

அந்த ஞாயிறு சர்ச்சில் ஜெபசீலிக்குப் பாட்டில் மனம் நிற்கவில்லை. திங்கள் முதல் மூன்று ஷிப்ட், வோல்ட்மீட்டர் முள்ளையே பார்த்தாள். துளை பாதி ஆழம் போனதும் முள் விழுந்து விழுந்து எழுந்தது. அரிபட்ட தூள் வெளியேற வழியில்லாமல் இடுக்கில் அடைத்துக்கொள்கிறது, எலெக்ட்ரோடு தொட்டுவிட்டதென்று மெஷின் ஏமாந்து பின்வாங்குகிறது, தூள் வழியே பொறி பக்கவாட்டில் பாய்ந்து துளை கோணலாகிறது என்பது அவளுக்குப் புரிந்தது.

"சார், பாதிக்கு அப்புறம் கேப்பைக் கொஞ்சம் கூட்டி வைங்க. எலெக்ட்ரோடு அடிக்கடி மேல வந்து போகட்டும். தூள் வெளிய வந்துடும்."

"டைம் ஜாஸ்தி ஆகுமே?"

"ஆவட்டும் சார். இருபது பீஸ் போட்டுப் பாக்கலாம்."

இருபதும் ஒழுங்காக வந்தன. "நான் சொன்னது தப்புதாங்க" என்றார் தினேஷ்குமார், எல்லோர் முன்னாலும். அதியா கன்னடத்தில் ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு பட்டறை கைமாறியது. அதியா கல்யாணமாகிக் கோலாருக்குப் போனாள்.

போன மாதம் கணவர் ஜெபராஜோடு டைல்ஸ் வாங்க ஓசூர் போனபோதுதான் தெரிந்தது, பழைய பட்டறையே இப்போது டைல்ஸ் கடை. ஜெபசீலி உடனே அதியாவுக்கு வீடியோ கால் போட்டாள்.

"அக்கா, போனைத் திருப்பு. நாம சாப்புட உக்கார்ந்த ஜன்னல் இருக்குதா?"

இருந்தது. ஜெபசீலி போனை அதன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். ஜெபராஜ் டைல்ஸைப் பார்ப்பதுபோல் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.