பாட்டக்காவின் பல்

மாடிவீட்டுக்காரனுக்குக் காது போய்விட்டதாம், அதனால்தான் வேலை போனதாம். கீழ்வீட்டுத் தையல்காரிக்கு யார் வந்து ஓதினார்களோ. அவள் மிஷினில் நூல் அறுந்தால்கூட மாடியிலிருந்தே அவனுக்குக் கேட்கும். அந்தக் காதைப் போய்ச் செவிடு என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ.

நடந்தது வேறு. பன்னிரண்டு வருஷமாக ஒரே ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் அவனுக்கு வேலை. பாடுகிறவர் குரல் பச்சையாகத்தான் வந்து சேரும். எங்கே எதிரொலி, எங்கே பளபளப்பு என்று திருகித் திருகிப் பக்குவம் பண்ணுவது அவன். பண்ணி முடித்ததும் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, வெளி நடையில் போய் நின்று கேட்பான். குறை தெரிந்தால் திரும்பி உள்ளே போய்த் திருத்துவான்.

அங்கே பெரும்பாலும் பாடியது, எல்லாரும் பாட்டக்கா என்று கூப்பிடுகிற ஒரு அக்காதான். தங்கமான குரல்; ஆனால் முன்பற்களுக்கு நடுவே சந்து. ‘ச’ வரும் இடமெல்லாம் விசிலடிக்கும். அவன் அதை மட்டும் அமுக்கிவிடுவான்.

“வெளிய சொல்லிடாதப்பா. தெரிஞ்சா எவனும் பாடக் கூப்பிட மாட்டான்.”

“என் வாயில வராதுக்கா.”

வரவும் இல்லை. இப்போது அவள் பல்லிடுக்கை அடைத்துக்கொண்டுவிட்டாள், அதனால்தான் இதைச் சொல்லவே முடிகிறது.

போன வருஷம் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு கொண்டுவந்தார். பழைய பாட்டுகளில் அவன் வைத்த அளவுகளைப் படித்துக்கொண்டு, புதுப் பாட்டுக்குத் தானே அளவு வைக்குமாம். “உனக்கு ஒத்தாசைக்குத்தான்” என்றார். பன்னிரண்டு வருஷத்தையும் அவனே தன் கையால் எடுத்துக் கொடுத்தான்.

அது பல்லையும் சேர்த்துப் படித்துவிட்டது. யார் வந்து பாடினாலும் ‘ச’வின் கழுத்தை நெரித்தது. வாயில் துணியைத் திணித்துக்கொண்டு பாடியதுபோல் இருந்தது.

“இது எல்லாருக்கும் போடக்கூடாது சார்.”

“நீதானப்பா நூத்துக்கணக்குல இப்படி வச்சிருக்க?”

“ஆமா சார்.”

“ஏன் வச்ச?”

பாட்டக்காவின் பல்லைச் சொல்லாமல், “இனிமே நானே கையால திருத்திடறேன் சார்” என்றான்.

“அது உன் காதைத்தான் கத்துக்கிச்சு. தப்புன்னா உன் காதுல தப்பு. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் வந்து பாக்கற வரைக்கும் எதையும் திருகாத. சரின்னு பட்டனை மட்டும் அமுக்கு.”

டாக்டரிடம் போய்க் காதைப் பரிசோதித்து, ஒரு குறையும் இல்லை என்று சீட்டு வாங்கி வந்தான். முதலாளி அதைப் படிக்காமலே டீ டம்ளருக்கு அடியில் வைத்தார்.

ஒருநாள் புதிதாக ஒரு பெண் பாட வந்தாள். அவன் பட்டனை அமுக்கினான். பழக்க தோஷம், கதவை ஒருக்களித்துவிட்டு நடையில் போய் நின்றான். பாட்டு முடிந்தது.

“இது என் குரலா சார்?” என்றாள் அவள்.

“நம்ம ஆளுக்குக் காது கொஞ்சம் மந்தம்மா. பாவம், வெளிய சொல்லிக்க மாட்டான்” என்றார் முதலாளி.

ஒரு எழுத்து விடாமல் அவனுக்குக் கேட்டது. உள்ளே போய்த் திருத்துகிற கால் அன்றைக்கு எழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, தெருவாசலைத் தாண்டிப் போய்விட்டான்.