பதினேழாம் எண் டோக்கன்

அந்தத் தையல் ஆலையில் அவளைப் படக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் சட்டைக் கை தைத்தவள். முதுகு மக்கர் பண்ணவும் முதலுதவி அறைக்கு மாற்றினார்கள். அங்கே சும்மா இருக்க முடிந்ததா? ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்துக்கொண்டு, கர்ப்பப்பைப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி, சாப்பாட்டு வேளையில் மேசை மேசையாகப் போனாள்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்குக்கா?"

"ஒண்ணும் இல்லாதப்பவே பாக்கணும்டி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருஷக்கணக்கா சத்தமே காட்டாது. முன்னாடியே பாத்தா வரவிடாமலே தடுத்துடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

"யாருக்காவது தெரிஞ்சா மானம் போயிடும்க்கா."

இங்கேதான் வண்டி நின்றது. ஆறு மாசம் தொண்டைத் தண்ணி வற்றப் பேசியும் ஒருத்திகூட அசையவில்லை. அதனால் அவளே ஒரு வழி செய்தாள். பெயரைக் காலையிலேயே பதிவேட்டில் எழுதி டோக்கன் கொடுத்துவிடுவது. ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து சாம்பிள் எடுக்கும் முதலுதவி அறை வாசலில் எண்ணை மட்டும் கூப்பிடுவது. நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரத்தில் முடிவுகள் வந்தன. நாற்பத்திரண்டு பேரிடம் "ஒண்ணுமில்ல" என்று சிரித்தபடி சொல்லியாயிற்று. பதினேழாம் எண்ணுக்கு மட்டும் செல்களில் மாற்றம், மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். பதிவேட்டில் பதினேழு என்பது பட்டன் வைப்பவள். அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பயப்படாத. இது புற்றுநோய்னு அர்த்தம் இல்ல. பதினேழுக்கு இன்னொரு டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க, அவ்வளவுதான்."

"பதினேழா?" வெளிறியிருந்த முகத்தில் ரத்தம் திரும்பியது. "அப்பாடா!" என்றவள், சொன்ன வாயையே பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "அது நான் இல்லக்கா. காலர்க்காரிய அவ சூப்பர்வைசர் பத்து நிமிஷத்துக்கு மேல விடமாட்டேன்னுட்டாங்க. அதான் முன்னாடி வர்ற என் டோக்கன அவகிட்ட குடுத்துட்டு, அவளோடத நான் வாங்கிக்கிட்டேன்."

படக்கார அக்கா பதிவேட்டைத் திரும்பப் புரட்டினாள். காலர்க்காரியிடம் காலையில்தான் நல்ல சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். வாசலில் ஒரே ஒரு தடவை பெயரைக் கேட்டிருக்கக் கூடாதா? மானத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இப்படியா செய்வாள் ஒருத்தி!

சாம்பிள் கெட்டுப்போச்சு, திரும்ப எடுக்கணும் என்று ஒரு பொய் போதும். காலர்க்காரி வந்துவிடுவாள். தப்பும் வெளியே தெரியாது, இவளை நம்பி வந்தவர்களும் நாளைக்கு மறுபடி வருவார்கள். படிக்கட்டு ஏறும்வரை அந்தப் பொய்யைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு போனாள். ஆனால் காலர்க்காரி மெஷினிலிருந்து நிமிர்ந்து, "என்னக்கா?" என்று பளிச்சென்று சிரித்ததும் பொய் வரவில்லை. காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

காலர்க்காரியின் சிரிப்பு செத்துப்போனது.

"காலையில நீங்கதானே ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க? வீட்டுக்குக்கூட போன் பண்ணிச் சொல்லிட்டேனே."

"தப்பு என்னோடதுடி. நான் பேரக் கேட்டிருக்கணும்."

"அங்க என்ன பேச்சு?" சூப்பர்வைசரம்மா கத்தினாள்.

காலர்க்காரி எழுந்தாள். சுற்றியிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கூடம் முழுக்கக் கேட்கும்படி தன் பெயரை இனிஷியலோடு சொன்னாள். "எனக்குக் கர்ப்பப்பை வாயில இன்னொரு டெஸ்ட் பண்ணணுமாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். பத்து நிமிஷத்துல வரமாட்டேன்."

சூப்பர்வைசரம்மா நடைவழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

இருவரும் படி இறங்கினார்கள். பாதியில் காலர்க்காரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்டி," என்றாள் படக்கார அக்கா. "வா, போலாம்."