ஆராய்ச்சி பண்ற மாடு

தோளில் பச்சைத் துண்டு, மாட்டிடமும் "கொஞ்சம் நகருங்க" என்று கேட்கும் மரியாதை. பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி அவர். அவருடைய கறவை மாட்டின் மடியில்தான் என் ஆய்வுக்குரிய ஒட்டுண்ணிப் பாசி கிடைத்தது.

மூன்று விஷயம் சொன்னேன். இந்தப் பாசியின் முன்னோர் பச்சையாக இருந்து வெயிலில் தாமே உணவு தயாரித்தவை. அடுத்தவரிடம் பிழைக்கப் பழகியதும் அதற்கான மரபணுக்களைத் தொலைத்துவிட்டு, உணவு தயாரித்த உறுப்பான பசுங்கணிகத்தை மட்டும் நிறமில்லாமல் வைத்திருக்கிறது. மூன்றாவது, இந்த மடிநோய்க்கு மருந்தில்லை, பரவும், மாட்டை விற்கக் கூடாது. மூன்றுக்கும் பணிவாகத் தலையாட்டினார்.

அடுத்த சந்தைக்கு நான் போனபோது, அதே மாட்டை விற்றுக்கொண்டிருந்தார். "சாதா மாடு இல்லீங்க, காலேஜ்ல ஆராய்ச்சி பண்ற மாடுங்க! ஏனுங்க அம்மணி, நீங்களே சொல்லுங்க!"

சொன்னேன். "ஆமாங்க, மருந்தில்லாத மடிநோயைப் பத்தி."

வாங்க வந்தவர் நழுவினார். இவர் முகத்தில் கோபமே இல்லை.

"உங்க பாசி அடுத்தவங்கள வச்சுப் பொழைக்கலாம், நாங்க பொழைக்கக் கூடாதுங்களா?" என்றவர், மாட்டிடம் திரும்பி, "வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

பச்சையம் போன பின்னும் பாசி ஏன் கணிகத்தை விடவில்லை என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டேன். அவர் ஏன் மரியாதையை விடவில்லை என்பதுதான் இன்னும் புரியவில்லை.