ஏழுமலை மாமாவுக்கு ஹமமாட்சுவில் வைத்த சாப்பாடு

போன நவம்பரில் என் அக்கா மகள் பவித்ராவின் கல்யாணத்துக்காக ஜப்பான் போய் வந்தேன். எப்படிப் போவது, என்ன செலவாகும், என்ன உடுத்துவது என்று கம்பெனியில் நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் ஒரகடம் பக்கம் ஜப்பான்காரர்களும் கொரியாக்காரர்களும் வந்து வேலை பார்க்கிற தொழிற்சாலைகள் நிறைய. இனி இப்படிக் கல்யாணங்கள் வரத்தான் செய்யும். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொன்று முன்னால் வந்து நிற்கிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் சேரப்பணஞ்சேரிக்காரன், மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மெஷின் எப்போது நின்றது, எப்போது ஓடியது என்று குறித்துக் குறித்து எல்லாவற்றுக்கும் மணி பார்க்கிற வியாதி வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா கஸ்தூரியை வல்லம் வடகாலில் கொடுத்திருக்கிறோம். அவள் கணவர் ஏழுமலை மாமா தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறார். அவர்களுக்கு ஒரே பெண் பவித்ரா. வேலை பார்த்த இடத்தில் ஜப்பான் மொழி வகுப்பு வைத்தார்கள், படித்தாள், மொழிபெயர்ப்பாளர் ஆனாள். அங்கே மூன்று வருஷம் எஞ்சினியராக இருந்தவர் தகாஷி. அவர் ஜப்பானில் ஹமமாட்சு என்கிற தன் ஊருக்குத் திரும்பிய ஒரு வருஷத்தில் இவளும் அங்கேயே வேலை வாங்கிக்கொண்டு போனாள். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாப்பிள்ளை வேற்று நாட்டுக்காரர் என்பதில் மாமாவுக்குப் பெரிய வருத்தம் இல்லை. பெரியவர்கள் தட்டோடு வந்து பெண் கேட்கவில்லை என்பதுதான் வருத்தம். தகாஷிக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், விமானம் ஏற டாக்டர் விடவில்லை. பவித்ரா போனில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். மாமாவுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இருந்தும் எங்கள் நச்சரிப்பில் பாஸ்போர்ட் எடுத்தார், விசாவுக்குப் போட்டோ பிடித்தார், விசாவும் வந்தது. வந்துவிடுவார் என்றே நம்பினோம். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், பெட்டியில் அக்கா மடித்து வைத்த வேட்டி சட்டையை எடுத்து மறுபடி கொடியில் போட்டுவிட்டார்.

"பொண்ணு கேட்டு ஒர்த்தரும் என் வூட்டு வாசல மிதிக்கல. நா மட்டும் எந்த மூஞ்ச வெச்சிகினு அங்க போயி நிப்பேன்? நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, இரண்டு வார்த்தை சொல்லவும் சொன்னேன். அக்கா அவருக்கு நான்கு நாளைக்குக் குழம்பு வைத்து ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டு வந்தாள்.

காலை ஆறு மணிக்கு சேரப்பணஞ்சேரியில் கால் டாக்சி ஏறினோம். படப்பை, தாம்பரம் வழியாக ஏர்போர்ட் ஒரு மணி பத்து நிமிஷம், 950 ரூபாய். டிக்கெட் சிங்கப்பூர் வழி, போக வர ஆளுக்கு 52,400. மாமாவுடைய டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வரவில்லை. மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு நகோயாவில் இறங்கினோம். அங்கிருந்து நகோயா ஸ்டேஷனுக்கு ரயிலில் 28 நிமிஷம், பிறகு புல்லட் ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ஹமமாட்சு. இரண்டும் சேர்த்து ஆளுக்கு ஏறக்குறைய ஆறாயிரம் யென். ரயில் ஓடும்போது வெளியே பார்த்தால் நீலக் கூரை போட்ட தொழிற்சாலை, அதை ஒட்டி வயல், மறுபடி தொழிற்சாலை. "இன்னாடா, நம்ம ஊர் மாதிரியே கீது" என்றாள் அக்கா. வழியில் அவள் வாய் திறந்து பேசியது அது ஒன்றுதான்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரைக்குக் கோயிலில் சடங்கு. பவித்ரா தலையோடு கால் வெள்ளை உடுத்தி வந்தாள். அவர்களுக்கு வெள்ளைதான் கல்யாண நிறம் என்று முன்கூட்டியே தெரியும், ஆனாலும் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கொட்டு, மேளம், அட்சதை எதுவும் இல்லை. நம்மவர்கள் யாராவது ஒருவர் சத்தமாகத் தும்மியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து மண்டபத்தில் விருந்து, மொத்தம் 32 பேர். பெற்றவர்களுக்குக் கடைசி மேசைதான் கொடுப்பார்கள். அது அவமரியாதை இல்லை. விருந்தாளிகளை முன்னால் வைத்து வீட்டுக்காரர்கள் பின்னால் நிற்கிற வழக்கம். எங்கள் மேசையில் நான்கு இடம். எனக்கு, அக்காவுக்கு, தகாஷியின் அம்மாவுக்கு. நான்காவது நாற்காலியின் முன்னால் ஏழுமலை மாமாவின் போட்டோ இருந்தது. விசாவுக்கு எடுத்த அதே போட்டோ, பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். பன்னிரண்டே காலுக்கு ஒரு பெண் தட்டு கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தாள். கிண்ணத்தில் ஆவி பறக்கச் சோறு, மூடி போட்ட சூப், ஊறுகாய். எங்களுக்கெல்லாம் மீன். அந்தத் தட்டில் மட்டும் வாட்டிய கத்திரிக்காய்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. போட்டோ வைத்து, அதன் முன்னால் சோறு வைத்தால் நமக்கு அது என்ன என்று உங்களுக்கே தெரியும். அவள் எழுந்து போட்டோவை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "உயிரோட கீற மனுஷனுக்குப் படையல் போட்டுட்டாங்கடா" என்றாள். தகாஷியின் அம்மா, கையில் ஊசிக் கட்டோடு எழுந்து, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அவருக்குத் தமிழ் உண்டு, எல்லாம் ஒரகடத்தில் அசெம்பிளி லைனில் ஆட்களோடு நின்று கற்றது. அக்கா பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அத்த, இது செத்தவங்களுக்கு மட்டும் இல்ல. தூரமா கீறவங்களுக்கும் வெப்போம். அங்க பசி இல்லாம இருக்கணும்னு. நா ஒரகடத்துல இருந்தப்போ அம்மா எனுக்கு டெய்லி வெச்சாங்க. மூணு வருஷம்."

அக்கா அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். போட்டோவை மடியிலிருந்து எடுத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு சூப்பின் மூடியைத் தானே திறந்து வைத்தாள்.

விருந்தின் நடுவே பெண் உடை மாற்றி வருவது அங்கே வழக்கம். பவித்ரா அரக்குப் பட்டுப் புடவையில் வந்தாள். கடைசியில் பெண், பெற்றோருக்கு எழுதிய கடிதத்தைப் படிக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் எழுந்து நின்று கேட்க வேண்டும். அக்கா தனியாக நின்றாள், நான் பக்கத்தில் போய் நின்றேன். மைக் முன்னால் பவித்ரா தாளைப் பிரித்து "அப்பா" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். தாளை மடித்துக்கொண்டு நேராக எங்கள் மேசைக்கு வந்து, அந்த நான்காவது நாற்காலியில் உட்கார்ந்து, கையாலேயே அந்தச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள். வைத்த சாப்பாட்டை வீட்டார் யாராவது சாப்பிட்டு முடிப்பதும் வழக்கம்தானாம். அப்போது மணி இரண்டு நாற்பது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.  

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விசாவுக்கு மாப்பிள்ளை வீட்டு அழைப்புக் கடிதத்தை இரண்டு மாதம் முன்பே கேட்டு வாங்குங்கள். மொய் கவரில் புது நோட்டுதான் வைக்க வேண்டும், ஒற்றைப்படையில். சாதாரண ஹோட்டலில் ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு 8,500 யென் கொடுத்தோம், பெட்டியை விரிக்கத்தான் இடமில்லை. ஊறுகாயும் புளிசாதப் பொடியும் கொண்டுபோங்கள். மூன்றாம் நாள் தெய்வமாகத் தெரியும். அங்கே நடக்கும் சடங்கு ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டிருந்தால், நோயாளி ஒருவர் எங்கள் முன்னால் அத்தனை முறை குனிந்திருக்க மாட்டார். வீட்டில் யாராவது வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டால், என்னைப் போல இரண்டு வார்த்தை திட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். இன்னொரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். நான் பேசவில்லை. என் மனதில் உறுத்துவது அதுதான்.

ஊர் திரும்பிய மறுநாள், அக்கா இன்னும் எங்கள் வீட்டில் இருக்கும்போதே, நான் மட்டும் வல்லம் வடகால் போனேன். மாமா காலை ஷிப்ட் முடித்து வந்து, பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். போட்டோ வைத்ததை, அந்த அம்மாவின் கைக்கட்டை, சோறு, சூப் எல்லாவற்றையும். கத்திரிக்காய் என்றதும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா அவங்களுக்கு, எனுக்குக் கத்திரிக்கா புடிக்கும்னு?"

"வேற யாரு மாமா, பவித்ராதான்."

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கன்டெய்னர் லாரி போயிற்று.

"அப்றம் அந்தச் சோத்த இன்னா பண்ணாங்க?"

"அவதான் சாப்ட்டா மாமா. கல்யாணம் முடியற நேரத்துல, உங்க எடத்துல உக்காந்து."

மாமா துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. அதற்குள்ளிருந்துதான் குரல் வந்தது.

"அதுக்குள்ள ஆறிப் போயிருக்குமேடா."