இலைக்கு அடியில் வைத்த தட்டு

என் தங்கையின் தாடை இன்றும் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மற்ற வீடுகளில் இதை மறைப்பார்கள். எங்கள் வீட்டில் சொந்தபந்தம் கூடினால் அதைச் சொல்லிப் பெருமைப்படுவதுதான் வழக்கம். அந்தப் பெருமைக் கதையில் என் பங்கை யாரும் சொல்வதில்லை, அவர்களுக்குத் தெரியாது. எழுபதை நெருங்கும் வயதில் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது மலேசியாவில், லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தங்கைக்கு எட்டு வயது, எனக்குப் பதினொன்று. காலையில் அவளுக்கு முழங்கால் வீங்கியிருக்கும், வாய் திறக்காது. ஒரு துண்டு ரொட்டியைப் பள்ளி மணி அடிக்கும்வரை மெல்லுவாள். பிடிவாதம் என்று அம்மா அடித்ததும் உண்டு. பள்ளிக்குப் பல் பார்க்க வந்த நர்ஸ் மிஸ்ஸிதான் முதலில் சந்தேகப்பட்டார். மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொன்னார். தங்கைக்கு இரண்டு விரல்கூட நுழையவில்லை.

அப்பா வேலைக்கு லீவு போட்டு, ரயிலேறி, ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனார். மூட்டு டாக்டர் மருந்து கொடுத்தார். பல் டாக்டர் பல்லோடு சேர்த்து வாய்க்குள் மாட்டிக்கொள்ள, ரோஜா நிறத்தில் ஒரு சிறு தட்டு செய்து கொடுத்தார். காதோரத்து மூட்டில் அழற்சி இருப்பதால் அந்தப் பக்கத் தாடை வளராமல் பின்தங்குகிறது; அது அடங்கும்வரை கம்பி போட்டுப் பல்லை இழுக்கக்கூடாது; இந்தத் தட்டு வாயில் இருந்தால் குட்டையான பக்கம் வளர இடம் கிடைக்கும். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். டாக்டர் மலாயில் சொன்னதை அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், தானே பல் டாக்டர் ஆகிவிட்டதுபோல், தமிழில் ஒப்பிப்பார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வளர்ற வயசுல விட்டுட்டா அப்புறம் புடிக்க முடியாது" என்பார்.

கழற்றிய தட்டை வைக்க ஒரு பிளாஸ்டிக் சவுக்காரப் பெட்டி. வெளியே போனால் அதைச் சுமப்பது என் வேலை.

சித்தப்பாவின் கல்யாணம் செடெனாக்கில், பெண் வீட்டார் கோயில் மண்டபத்தில் நடந்தது. தட்டோடு தங்கை பேசினால் வாய் நிறையப் பாயசம் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். பெண் வீட்டுப் பையன்கள் விடவில்லை.

"அலமாக்! வாயில என்னாடா, ஒன் தங்கச்சிக்கு? கெழவி பல்லா?"

நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதே பையன்கள் பந்தியில் எதிரே உட்கார்ந்தார்கள். தங்கை தட்டைக் கழற்றி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, "அண்ணே, பொட்டி" என்றாள். பெட்டி என் கால்சட்டைப் பையில்தான் இருந்தது. அவர்கள் பார்க்க அதை எடுக்க எனக்கு வெட்கம்.

"அம்மாகிட்ட இருக்கு. எலைக்கு அடியில வச்சுக்கயேன்" என்றேன்.

வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் வழக்கப்படி இலையைத் தன் பக்கமாக மரியாதையாக மடித்தாள். கைகழுவும் இடத்தில் நினைவு வந்து ஓடிவருவதற்குள், இலை எடுப்பவர் மேசை விரிப்புக் காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டிப் போய்விட்டார்.

தங்கை அழவில்லை. மண்டபத்தின் பின்பக்கம் போய், இரும்பு டிரம்மைச் சாய்க்கச் சொன்னாள். அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிச் சாய்த்தார். பட்டுப் பாவாடையோடு அவள் மண்டியிட்டு, வீங்கிய விரல்களால் ஒவ்வோர் இலையாகப் பிரித்தாள். சாம்பார், ரசம், மோர், ஈக்கள். பெண் வீட்டார் முகம் சுளித்து வேடிக்கை பார்த்தார்கள். "விடுங்கலா, வேற செஞ்சுக்கலாம்" என்றார் ஒருவர்.

"இது எனக்குன்னு செஞ்சது" என்றாள் தங்கை, தலை நிமிராமல்.

அப்போதுதான் கூறைப்புடவையோடு புதுச்சித்தி வந்தார். நடந்ததைக் கேட்டார். கழுத்து மாலையைக் கழற்றிச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னா கலரும்மா அது?" மணப்பெண்ணே எச்சில் இலையில் கைவைத்த பிறகு யார் சும்மா நிற்க முடியும்? தங்கையைக் கேலி செய்த பையன்கள் உட்பட எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும்தான். பெட்டி தொடையில் குத்திக்கொண்டே இருந்தது.

தங்கைதான் கண்டெடுத்தாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. யாரோ கொதிக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். "சுடுதண்ணி வேணாம், வளைஞ்சிரும்!" என்று தடுத்து, பைப்புத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, எல்லோர் முன்னாலும் வாயில் மாட்டிக்கொண்டு, கேலி செய்த பையனைப் பார்த்துப் பாயசக் குரலில் சொன்னாள்: "கெழவி பல்லு இல்ல. என் தாடை."

அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தார். "பொட்டி எங்கடி?"

தங்கை என்னைப் பார்க்கவில்லை. "வீட்லயே மறந்துட்டேம்மா."

இன்னோர் அடி விழுந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தட்டும் அதற்குப் பின் வந்த தட்டுகளும் கம்பியும் தங்கள் வேலையைச் செய்தன. இன்று பேரப்பிள்ளைகள் கேட்டால் மூன்று விரல்களை அடுக்கி வாயில் வைத்துக் காட்டுகிறாள். அவர்கள் கைதட்டும்போது எனக்கு நெஞ்சு விம்மும். உடனே வலிக்கவும் செய்யும்.

அன்று ஊர் திரும்பும் ரயிலில் அம்மா கண்ணயர்ந்ததும், தங்கை என் பைக்குள் கைவிட்டாள். சவுக்காரப் பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு ஒருநாளும் அதை என்னிடம் தரவில்லை.

இனி அதைச் சுமக்க வேண்டாம் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஜன்னலோரம் சாய்ந்து, லாபிஸ் வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.