ஒரு பிடி பழைய மணல்

பூனைக்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மழை நாளில். கதவு திறந்திருந்தது. நனைந்தபடி உள்ளே வந்து, என் தையல் மெஷினுக்கு அடியில் கிடந்த துண்டுத் துணிகளின் மேல் சுருண்டு படுத்துக்கொண்டது. மழை விட்ட பிறகும் போகவில்லை. நானும் விரட்டவில்லை.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். அக்கா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். நான் வீட்டிலேயே ஜாக்கெட், நைட்டி தைக்கிறேன். எனக்கு ஆட்களிடம் பேச வராது. அளவு எடுக்கும்போதுகூட டேப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். வந்தவர்களும் பேசாமல் நின்றுவிட்டுப் போவார்கள். குட்டி வந்த பிறகு, வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.

"ஐய, இன்னா இது, நூல்கண்டக் கட்டிப் புடிச்சிக்கினு தூங்குது!" என்று ஒருத்தி சிரித்தாள். எங்கிருந்து வந்தது, என்ன சாப்பிடும் என்று கேட்டாள். நானும் சொல்லிக்கொண்டே போனேன். அவள் போன பிறகுதான், அவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

பூனை இருப்பதில் அக்காவுக்கு வருத்தம் இல்லை. எங்களைப் போன்ற முஸ்லிம் வீடுகளில் பூனை நடமாடுவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் மூத்திரம் வேறு விஷயம். அது பட்ட இடத்தில் தொழ முடியாது. எங்களுக்கு இருப்பதோ ஒரே கூடம். அதில்தான் மெஷின், அதில்தான் படுக்கை, அதில்தான் தொழுகை.

மற்றதெல்லாம் குட்டி சீக்கிரம் கற்றுக்கொண்டது. நகம் கீற ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டேன், துணிகளை விட்டுவிட்டது. அடுப்பு மேடையில் ஏறியபோது கையைத் தட்டினேன், இறங்கிவிட்டது. குளியலறை மூலையில் வைத்த மணல் டப்பில் மட்டும் போக மாட்டேன் என்றது. தெருமுனையில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு வாங்கிய நல்ல மணல். சாப்பிட்டவுடன் தூக்கிக்கொண்டு போய் அதில் விடுவேன். முன்கால்களைப் பிடித்து மணலைக் கீறிக் காட்டுவேன். அது டப்பின் விளிம்பை முகர்ந்துவிட்டு, காலை உதறிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒன்றுக்கு இருந்துவிட்டு வரும்.

ஒருநாள் முக்காலியின் மேல் மடித்து வைத்திருந்த தொழுகைப் பாயையே நனைத்துவிட்டது. அக்கா பாயை அலசிக் காயப்போட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து பாய் பீரோவுக்கு மேலே போய்விட்டது.

"இன்னொரு தடவ இந்தக் கூடத்துல போவட்டும், வெள்ளிக்கெழம மீன் மார்க்கெட்டுக்குப் போறப்ப கூடவே இட்டுனு போயி அங்கயே விட்டுட்டு வந்துடுவேன். சொல்லிட்டேன்."

அக்கா சொன்னால் செய்துவிடுவாள். ஆனால் முயற்சி செய்யாமல் விடுகிறவளும் இல்லை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புமுன் ஒருமுறை, சாயங்காலம் வந்தவுடன் ஒருமுறை, டப்பைக் கவிழ்த்து, பினாயில் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் புது மணல் நிரப்புவாள். எங்கள் வீடு எப்போதும் அப்படித்தான். கதவைத் திறந்தாலே பினாயில் வாசனை வரும்.

அந்த வாரம் எங்கள் மாமா மகளைப் பிரசவத்துக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்கு அக்கா போனாள். "நா வர்றதுக்குள்ள பழக்கி வை. இல்லன்னா மார்க்கெட்டுதான்" என்று வாசலில் நின்று சொன்னாள்.

எனக்கோ ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. அவள் போன கொஞ்ச நேரத்திலேயே குட்டி துண்டுத் துணிகளின் மேல் ஒன்றுக்கு இருந்துவிட்டது. எழுந்து கழுவ நேரமில்லை. நனைந்த துணியை அப்படியே எடுத்து மணல் டப்பில் போட்டேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. வேலை மும்முரத்தில் அது மறந்தே போனது.

மறுநாள் மத்தியானம் மெஷினை நிறுத்தியபோது குளியலறை மூலையில் சரக் சரக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். குட்டி மணலைப் பறித்து, உட்கார்ந்து, காரியத்தை முடித்து, அழகாக மூடியும் விட்டது. சாயங்காலமும் தானாகவே அங்கே போனது. நான் டப்புக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்த்தேன். பினாயில் வாசனை இல்லை; நான் போட்ட துணியில் இருந்த அதன் சொந்த வாசனைதான். எனக்கே கண் எரியும் அந்த வாசனைக்குள் இத்தனை நாளும் அந்தச் சின்ன மூக்கை வைத்து அழுத்தியிருக்கிறோம்.

அக்கா களைத்துப்போய் வந்தாள். "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க, அல்ஹம்துலில்லாஹ்" என்று பையை இறக்கினாள். பிறகு தரையைப் பார்த்தபடியே கூடத்தைச் சுற்றினாள். "எங்கடி அந்த சைத்தான்?"

அவளுக்கு முன்னால் நடந்து போய்க் குட்டி டப்பில் உட்கார்ந்தது.

"அடிப்பாவி! ஒக்காருது பாரு, என்னமோ பொறந்ததுலேருந்து பழக்கம் மாதிரி!" என்று அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். அது முடித்து இறங்கியதும் நேராகப் போய்ப் பினாயில் பாட்டிலை எடுத்தாள். மூடியையும் திறந்துவிட்டாள்.

அக்காவிடம் நான் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"வேணாங்க்கா."

"இன்னா வேணாம்?"

"அத ஊத்தாதக்கா. அந்த வாசனைக்குத்தான் அது கிட்டயே போவல. நீ இல்லாதப்ப நா கழுவல. அதோட வாசனையே இருந்துச்சு, தானா போச்சு."

அக்கா பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப அது பாய்ல போனதுக்குக் காரணம் நானா?"

நான் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்துக்கொண்டேன். "ஆமாங்க்கா."

"நல்லாருக்குது நாயம். ஊட்டச் சுத்தமா வெச்சது குத்தம்!" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கட்டுன பொடவ கிழிஞ்சாலும் வாயத் தொறக்க மாட்ட. ஒரு பூனைக்காகத் தொறக்குற பாரு." பாட்டிலை மூடி ஜன்னலில் வைத்தாள்.

இப்போதும் டப்பை அவள்தான் கழுவுகிறாள், வெறும் தண்ணீரில். வெயிலில் காயவைத்துப் புது மணல் கொட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, எடுத்து வைத்திருந்த பழைய மணலில் ஒரு பிடி மேலே தூவுகிறாள். "கொஞ்சம் பழசு இருந்தாதான் துரை உள்ள எறங்குவாரு" என்று முணுமுணுப்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பின் முதல் வெள்ளிக்கிழமை காலையில், அக்கா மார்க்கெட்டுக்குப் பையை எடுத்தாள். குட்டி வாசல்வரை பின்னாலேயே போனது. எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை.

"உள்ள போ. நீ ஒண்ணும் வர வேணாம், நெத்திலி வாங்கத்தான் போறேன்" என்று அதைக் காலால் மெல்லத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். திரும்பிப் பார்த்தேன். தொழுகைப் பாய் பழையபடி முக்காலியின் மேல் மடித்தபடி இருந்தது.

நூல் கோத்தேன். ஒரே தடவையில் போய்விட்டது.